நிறுத்திவைத்த ஆட்டம்

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். அதன் மூடிமேல் உள்ளங்கையை வைப்பேன். இளஞ்சூடு இருந்தால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டுத் தேநீர் போடப் போவேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, ஐயா. நான் கவனக்குறைவானவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளிக்காலத்தில் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து அப்பா வாங்கித் தந்த பெட்டி அது. கேசட்டின் வாயில் ஊதிச் செருகினால்தான் படம் வரும். ஊதுவது நான், ஆடுவது அவன். ஒரு தவளை கோபுரத்தில் ஏறும் ஆட்டம். உச்சி மாடியை நாங்கள் கண்டதே இல்லை. அந்தக் காலத்து ஆட்டங்களைப் பாதியில் சேமித்துவைக்க வழியில்லை. பெட்டியை அணைத்தால் தவளை மறுபடியும் தரையில் வந்து நிற்கும்.

தம்பியின் நுரையீரல் கெட்டு, மூச்சுக்கு ஓர் இயந்திரம் வைத்தபோது, தனிக்கட்டையான நான் அவன் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மூக்கில் குழாயோடு, கட்டிலில் சாய்ந்தபடி அவன் ஆடினான். ஒருநாள் தவளை உச்சி மாடியின் படிக்கட்டில் கால் வைத்தது. அதோடு அவன் ஆட்டத்தை நிறுத்திவைத்தான்.

"முடியலண்ணா. அப்புறம் பார்த்துக்கலாம்."

அதன் பிறகு அந்தப் பெட்டியை நான் அணையவிடவில்லை. ஆட்டம் அணையாமல் இருக்கும்வரை ஆடுகிறவனும் இருப்பான் என்று என் மனத்தில் விழுந்துவிட்டது. மருத்துவர் கைவிரித்த வீட்டில் மனிதன் எதையாவது பற்றிக்கொள்ளத்தானே வேண்டும்? நான் அதைப் பற்றிக்கொண்டேன். அவ்வளவுதான்.

தம்பி மகள் தெருமுனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் புதுப் பெட்டி ஒன்று வாங்கிவந்தாள். பார்வைக்குப் பழையதன் அச்சு. உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்டங்கள்.

"இதுல எந்த இடத்துலயும் சேமிச்சுக்கலாம் பெரியப்பா. அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு ஓய்வு குடுங்க."

தம்பி அதை ஆடிப்பார்த்துச் சிரித்தான். "குதின்னா யோசிச்சுட்டுக் குதிக்குது. எங்க மேலாளர் மாதிரி." ஆனாலும் விடாமல் ஆடினான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அதை அணைச்சுடுண்ணா. இதுல முதல்லேருந்து ஆடிக்கறேன். கொட்டைக்குக் காவல் இருந்தே பட்டினி கிடந்த அணில் மாதிரி இருக்கே நீ."

என் சிரமத்தைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னான். அவன் மனம் எனக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு பேட்டரி இருந்தது. மூச்சு இயந்திரமும் பழைய பெட்டியும் அதன் சிறு திரையும் அதில்தான் இணைந்திருந்தன. மின்சாரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் எனக்குப் பாடமே நடத்தியிருந்தாள். "கேமைப் பிடுங்கிடுங்க பெரியப்பா. மெஷின் மட்டும் ஓடட்டும். உடனே எனக்கு ஒரு போன். ஆக்சிஜன் சிலிண்டரோட ஓடி வந்துடுவேன்." நானும் தலையாட்டியிருந்தேன்.

அன்று மதியம் மின்சாரம் போனது. மாலைதான் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் வந்தால் முதலில் எதைப் பிடுங்குவாள் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

பேட்டரியோ வயதானது. மூச்சு இயந்திரத்தைச் சுமந்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், ஆட்டமும் கூடவே போய்விடும். இயந்திரம் இல்லையென்றால் மாலைவரை தாங்கும். தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். உறங்குகிறவனுக்கு அதிக மூச்சு வேண்டியிருக்காது என்று எண்ணி, இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். அது கூவத் தொடங்கியது. அவன் தூக்கம் கெடக் கூடாதே என்று அதன் பொத்தானை அழுத்தி அடக்கினேன். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, திரையில் அசையாமல் நின்ற தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு பிளக்கைத் திரும்பச் செருகினேன். என் கை சரியாக அழுத்தவில்லை; அது பாதியில் நின்றது. நான் போன் செய்ததும் ஓடிவந்தவள் கண்ணில் அதுதான் பட்டது. காலையில் அறையைத் துடைத்தபோது பிளக்கைக் கழற்றி மாட்டியவள் அவள். "நான்தான்... நான்தான் ஒழுங்கா சொருகாம போயிட்டேன் பெரியப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இல்லையென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடுவதில்லை. இன்று இந்தக் காவல் நிலையத்தில் உங்களிடமும் அதையே சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. அவள் சரியாகத்தான் செருகினாள். பிடுங்கியது என் கை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இன்னொன்றும் அவளுக்கு நான் பட்ட கடன். "கடைசியில அப்பா ஏதாவது கேட்டாரா பெரியப்பா?" என்று கேட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டான் என்று சொன்னேன். அது பொய். அவன் விழித்தான். வாய் திறந்து திறந்து மூடியது, குரல் வரவில்லை. கண் அகல என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். விரல்கள் காற்றைப் பிசைந்தன. கூடப் பிறந்தவனுக்குப் புரியாதா? மீதி ஆட்டத்தை முடிக்கக் கேட்கிறான் என்று, ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன்.

இதை அப்படியே அவளிடம் சொல்லிவிடுங்கள். கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.