பிளாஸ்க் அண்ணன்

உங்கள் தொண்டை கட்டியிருக்கிறது ஐயா. உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு செருமல். செருமக் கூடாது. எச்சிலைக் கூட்டி விழுங்க வேண்டும். மேசைமேல் இருக்கிற டீயையும் ஆறவிட்டுக் குடியுங்கள். இவ்வளவு பெரிய அதிகாரி, சுடுதண்ணீருக்கும் வெதுவெதுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பரவாயில்லை, உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் முப்பத்தொரு வருஷம் என் தங்கச்சியின் தொண்டையை நான்தான் பார்த்துக்கொண்டேன். மேடைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்க்கோடு நிற்பேன். உள்ளே இஞ்சி, அதிமதுரம், தேன். மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சுடவும் கூடாது குளிரவும் கூடாது, அப்போதுதான் கொடுப்பேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒரு மூடி, ஐந்தாவதுக்குப் பிறகு இன்னொன்று. வேறு யார் கையும் அந்த பிளாஸ்க்கில் பட்டதில்லை. நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. அரங்கத்து ஏ.சி.காரனிடம் சண்டை போடாத கச்சேரி கிடையாது.

ஆர்மோனியக்காரன் மட்டும் சீண்டுவான். "என்ன பிளாஸ்க் அண்ணே, உள்ள அமிர்தமா? நமக்கும் ஒரு மூடி ஊத்துறது."

"உனக்குக் குடமே ஊத்தினாலும் சுதி சேராதுப்பா. பேசாம பெட்டியைத் துடை."

என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பிளாஸ்க் அண்ணன் என்றால் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் அவளுக்குக் குரல் கம்மியது. பாடும்போது வலி. தொண்டை டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு கம்பியை விட்டு டிவியில் காட்டினார். இரண்டு சவ்வு, ஒன்றின் ஓரத்தில் மிளகளவு வீக்கம். முப்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்ட இடத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"ஆறு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னும் கூடாது. வலியை மறைச்சுட்டு மட்டும் பாடிடாதீங்க. வலிதான் இதுக்குக் காவல்காரன்" என்றார்.

"என் தண்ணி குடுக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"தாராளமா குடுங்க பெரியவரே. ஆனா குடிக்கிறது எதுவும் அந்தச் சவ்வைத் தொடாது. அது சாப்பாட்டு வழி, இது மூச்சு வழி."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசக் கூடாது என்று சொல்லி ஒரு நிமிஷம் ஆகவில்லை. "பாத்தியாண்ணா, முப்பது வருஷமா என் வயித்தைத்தான் நல்லா அலசி விட்டிருக்கே."

டாக்டரம்மா சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிளாஸ்க்கைக் கழுவி, பாத்திரத் தொட்டி பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அடுத்த மாதக் கச்சேரியை வேண்டாமென்று எழுதி அனுப்பினாள். ஒன்பது நாள் அது கவிழ்ந்தே கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

பத்தாம் நாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஈறில் தடவ ஒரு மருந்து கொடுத்தார்கள். தடவினால் உதடு இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும், அப்படி மரத்துவிடும். எச்சிலோடு உள்ளே இறங்கினால் தொண்டையும் சேர்ந்து மரக்கும். கசப்புதான். பிளாஸ்க்கில் தேனைக் கூடுதலாகப் போட்டால் தெரியாது.

"சும்மா ஒரு மூடி குடி, எனக்காக" என்றேன். குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மெல்ல ஒரு ஸ்வரம் இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, வலியே இல்லை. அந்த டாக்டருக்கு என்ன தெரியும். உன் பிளாஸ்க்தான்."

ஐயா, அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும். அவளே போன் போட்டுக் கச்சேரிக்கு வருகிறேன் என்று சொன்னாள், தினமும் இரண்டு மணி நேரம் பாடிப் பழகினாள். நான் பாடு என்று சொல்லவில்லை. பாடாதே என்றும் சொல்லவில்லை. காவல்காரன் தூங்குகிறான் என்று எனக்குத் தெரியும். தூங்க வைத்தவனே நான்தானே.

கச்சேரியன்று முதல் பாட்டுக்கு முன்பே இரண்டு மூடி. மூன்றாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனபோது துணி கிழிந்த மாதிரி ஒரு சத்தம். அவளுக்கு அப்போதும் வலிக்கவில்லை, பாவம். கைக்குட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முழுக்கச் சிவப்பு.

ஆபரேஷன் நடந்தது. பாட்டு இனி இல்லை, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தால் பேச்சாவது வரும் என்றார் டாக்டரம்மா. என்னிடம்தான் சொன்னார். போனில் நான் பதில் சொன்னேன், "தங்கச்சிக்கு இஷ்டமில்லைங்க." அவளிடம் வந்து, "டாக்டர் கையை விரிச்சுட்டாங்கம்மா" என்றேன். பயிற்சி கொடுக்கிறவள் ஒரு சின்னப் பெண். அவளுக்குச் சூடு பார்க்கத் தெரியுமா? முன்பின் தெரியாதவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது?

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவேன். அலமாரியில் அந்த மருந்துப் பாட்டிலைக் கண்டுபிடித்து ஒரு நாள் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பல்லுக்கு வாங்கினதும்மா" என்றேன். உண்மைதானே. அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டுவாள். எனக்குக் கடைப் பலகையும் பஸ் நம்பரும் படிக்க வரும். எழுத்துக் கூட்டினால் கையெழுத்தும் மெதுவாக வரும். கூட்டிப் பார்க்கவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு பிளாஸ்க்கை நிரப்பி வைப்பேன். தினமும் காலியாகிவிடுகிறது. பாத்திரத் தொட்டியில் தேன் வாசம் எப்படி வருகிறது என்று நான் கேட்டதில்லை.

நேற்று டாக்டரம்மா நேரில் வந்துவிட்டார். நான் இஞ்சி வாங்கப் போயிருந்தேன். நோட்டு அவர் கைக்குப் போய், இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

மருந்து கலந்தது நான். தெரிந்துதான் கலந்தேன். போனில் பொய் சொன்னதும் நான். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். ஆனால் இத்தனை மாதத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை ஐயா. அண்ணன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்றுதான் அதில் எழுதியிருப்பாள்.

பிரிக்கிறீர்களா? பிரியுங்கள். மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள். சத்தமாகப் படிக்க வேண்டாம். இப்போதிருக்கிற நிலைமையில் உங்கள் தொண்டைக்கு ஆகாது.