ஏழு நாள் மறையும் பட்டை

தங்களுக்கு நேரம் இருக்குமானால், முதலில் ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஐயா. வலைத்தளத்தில் நாம் அழுத்துகிற பொத்தானை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால், அதையே ஆயிரம் பக்கங்களில் எடுத்துப் பொருத்தலாம். பத்து வாடிக்கையாளர் நூறு பேரானாலும் வேலை பெருகாது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் அமர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளாக நான் செய்துவருவது இவ்வளவுதான். சற்றுக் களைத்திருக்கிறேன், சொல்வதில் குறையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அறிவிப்புப் பட்டையும் அவ்வாறு செய்த ஓர் உறுப்பே. எர்ணாகுளத்து ஜவுளிக்கடை ஒன்றின் தள்ளுபடிச் செய்திக்காகச் செய்தேன். திரையின் மேற்புறம் தோன்றும். மூடிவிட்டால் ஏழு நாட்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. வாங்க வருபவரைத் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா. பின்னர் அதே பட்டை நாற்பது தளங்களுக்குப் போயிற்று. வைப்பின் தீவுப் படகுக்காரர் சங்கம் கடல் எச்சரிக்கை காட்டத் தளம் கேட்டபோது, அதற்கும் அதையே வைத்தேன்.

எங்கள் வேலையைச் சோதித்துப் பார்ப்பவர் இசக்கிசெல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவருடைய அண்ணன் பாண்டித்துரை வைப்பினில் படகு வேலைக்குப் போகிறவர். சோதனைக்கு அண்ணனின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்.

“சார், ஒருதடவ மூடிட்டா அடுத்த எச்சரிக்க வரவே மாட்டேங்கு. இன்னிக்குச் சின்ன அலைன்னு மூடுதான். நாளக்கழிச்சுப் பெருங்காத்து வந்தா எங்கண்ணனுக்கு யாரு சொல்லுவா?” என்று கேட்டார்.

கடலுக்கென்று தனிப் பட்டை செய்தால் இரண்டைப் பராமரிக்க வேண்டிவரும் என்று பணிவாகவே விளக்கினேன். எதிர் மேசை ரமேஷ்பாபு சிரித்தார்.

“விடு செல்வி. நம்ம சேட்டனுக்கு ரெண்டாம் பட்டைன்னா ரெண்டாம் கல்யாணம் மாதிரியாக்கும்.”

செல்வியின் புகாரில் ‘பிழையன்று’ என எழுதி மூடினேன். அவர் மீண்டும் திறந்தார்; இருக்கும் பட்டையிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எழுதியிருந்தார். ஒரு விதிவிலக்கு நுழைந்தால் பின்னால் நூறு நுழையும். ஆகவே மறுபடியும் மூடினேன். மூன்றாம் முறை அவர் திறந்தபோது விளக்கம் எழுதவில்லை, மூடுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

சென்ற மாதம் அந்த வியாழக்கிழமை செல்வி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். காலை பத்து மணிக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை வந்தது. படகுகள் நண்பகலில் புறப்படும். பட்டை எத்தனை பேருக்குத் தோன்றியது என்பதை என் திரை காட்டும். இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு. தோன்றாதவர் பட்டியலில் பாண்டித்துரையின் பெயரும் எண்ணும் இருந்தன. மற்றவர்கள் வானத்தைப் பார்த்தோ, யாரோ சொல்லக் கேட்டோ நின்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அவருடைய படகு நிற்கவில்லை. அதில் ஐந்து பேர். எவரும் திரும்பவில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

என்னிடம் இரண்டு மணி நேரம் இருந்தது. அன்று என் கைபேசி பழுதாகியிருந்தது என ரமேஷ்பாபு தங்களிடம் சொன்னது என்மீதுள்ள அன்பினால். தயவுசெய்து அதை விசாரணைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். கைபேசி நன்றாகத்தான் இருந்தது. பாண்டித்துரையின் எண்ணை அதில் அடித்தும் வைத்தேன். அழைக்கவில்லை. அழைத்தால், பட்டையில் பிழை இருக்கிறதென்று நானே சொன்னதாகிவிடும், ஐயா.