அந்த மணிய நிறுத்துப்பா

இருக்கேன், லைன்லதான் இருக்கேன். முக்கா மணி நேரமா காத்துக்கிட்டு இருந்துட்டு இப்பப் போயி வெச்சிடுவேனா? என்னது? ரேடியோ சத்தமா? எனக்கும்தான் கேக்குது. நான் பேசுறது ஏழு நொடி தள்ளி எனக்கே திரும்பி வருது, எவனோ நக்கலடிக்கிற மாதிரி. அது என் ரேடியோ இல்லப்பா. கீழ்த்தளத்துல ஓடுது. அணைக்கச் சொல்றதா? சொல்லிப் பாத்தாச்சு, நடக்காது. இரு, கதவச் சாத்துறேன். இப்பப் பரவாயில்லையா? சரி.

பேரு ஓரெஸ்ட் டெமிட்ரக். ஆமாப்பா, அதே ஆளுதான். பதினோரு வருஷமா உன் நிகழ்ச்சியில பழைய அறுவடை மிஷினுக்கு விளம்பரம் குடுக்கிற டெமிட்ரக். ஆனா இன்னிக்கு விக்க வரல, வாங்க வந்திருக்கேன். அந்தப் பையன் பேர யாராவது சொன்னா உடனே க்ளிங்னு கல்லாப்பெட்டி தொறக்கிற மாதிரி ஒரு மணி அடிக்கிறியே, அது என்ன விலை? சிரிக்காத க்ளென். வெலையச் சொல்லு. இந்த வருஷ விளம்பரக் காச ரெண்டு மடங்காத் தரேன். அந்த மணிய நிறுத்து.

மேல கேக்கணுமா? கேளு. நானும் மேல கேட்டுச் சொல்றேன்னு எத்தன பேர விரட்டியிருக்கேன் தெரியுமா? எனக்கு மேல எவனும் கெடையாது, என் பொண்டாட்டி மேவிஸ் மட்டுந்தான்.

சரி, கேக்குற வரைக்கும் வேற பேசுவோம். எனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தானே, வேட்னு, துள்ளிக் குதிச்சானே. பையன் நம்மளக் கொள்ளையடிச்சிட்டு ஓடிட்டான், இந்நேரம் ஃப்ளோரிடாவுல மீன் புடிச்சிக்கிட்டு இருப்பான்னு. கணக்கு மட்டும் அவன் சொன்னது சரி. நான் எட்டாவதோட நின்னவன், ஆனா கணக்கு எனக்குத் தெரியும். ஐஸ் ஹாக்கி லீக்ல ஒவ்வொரு டீமுக்கும் ஒரு வரம்பு, ஆட்டக்காரங்க சம்பளம் மொத்தமும் அதத் தாண்டக்கூடாது. பையனுக்குப் பன்னெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. மொத ஆறு வருஷம் கொட்டிக் குடுத்தாங்க, கடைசி மூணு வருஷத்துக்கு சொச்சம். ஆனா வரம்புக் கணக்குல எல்லா வருஷத்துக்கும் ஒரே சராசரி எழுதிக்கிட்டாங்க. அவன் உச்சத்துல ஆடின காலம் பூரா கணக்குல அவன் மலிவு. மிச்ச இடத்துல நல்ல நல்ல ஆளா வாங்கிப் போட்டோம், ரெண்டு தடவ கடைசி ஆட்டம் வரைக்கும் போனோம். அப்ப எவனாவது ஃபோன் போட்டு, ஐயய்யோ இது அநியாயம்னு அழுதானா?

இப்ப அந்தக் கடைசி மூணு வருஷம் பாக்கி இருக்கறப்ப ஸ்கேட்டக் கழட்டி வெச்சிட்டான். லீக் சொல்லுது, அன்னிக்குத் தின்னத இன்னிக்குக் கக்கு. வருஷத்துக்கு அஞ்சு மில்லியன் டாலர், மூணு வருஷம். ஆள் இல்ல, ஆனா அவன் பேரு வரம்புக்குள்ள சட்டமா ஒக்காந்திருக்கும். அந்த இடம் இல்லாமத்தான் நம்ம கோல் பக்கம் காவல் நின்ன பெர்க்வால விட்டுட்டோம். பெர்க்வால் போன நாள்ல இருந்து எவன் வேணாலும் நம்ம கோல் பக்கம் கடைக்குப் போற மாதிரி வந்துட்டுப் போறான். ஒத்துக்கிறேன். எனக்கும் வயிறு எரியுது.

அடிபட்டோர் பட்டியலா? ம், வருவ இங்கதான்னு தெரியும். எல்லாவனும் இதத்தான சொல்றீங்க. ஓய்வுன்னு சொல்லாம முதுகு வலின்னு ஒரு காயிதம் வாங்கிக் குடுத்திருந்தாப் போதும், வரம்புல தொல்ல இல்ல, அவனுக்கும் வீட்ல படுத்துக்கிட்டே மூணு வருஷச் சம்பளம் வந்திருக்கும். ஒரு பொய் சொல்ல முடியலையா இந்த உத்தமனுக்குன்னு வேட் கேட்டான். கேட்டதும் நீ மணிய அடிச்ச.

பொய் சொல்ல முடியலையாம்! ஏம்ப்பா, அவன் அந்தக் காயிதத்துக்குப் போகலன்னு யாரு சொன்னா உனக்கு?

போனான். அக்டோபர்ல. மூணு டாக்டர். குடுக்கல.

எனக்கு எப்பிடித் தெரியும்னா... என் வீட்ல வளந்தவன்ப்பா அவன். எங்க ஊர் ஜூனியர் டீமுக்கு ஆட வர்ற பசங்க ஊர்க்காரங்க வீட்லதான தங்குவானுங்க. எங்க வீட்ல மொத்தம் ஒம்பது பேர் தங்கியிருக்கானுங்க. டீம்ல குடுக்கிற காசு பாலுக்கே பத்தாது, நல்லா தின்னுவானுங்க. இவன் நாலாவது. கெழக்குக் கடக்கரைல இருந்து பதினாறு வயசுல ஒரு பையோட வந்து எறங்கினான். இங்கிலீஷ் பாதிதான் வரும், மிச்சம் பிரெஞ்சு. மொத நாள் மேவிஸ் உருளக்கெழங்கு வெச்ச பெரோஹி கொழுக்கட்ட போட்டா. பதினேழு தின்னுட்டு, மேல கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, வேலியத் தாண்டின கன்னுக்குட்டி மாதிரி முழிச்சான். என்ன பெருசுன்னு கூப்பிடுவான். இப்பவும்.

இப்பவும்னா... பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். எங்க இருக்கான்னா? எனக்கென்ன தெரியும்? ஃப்ளோரிடாவுல மீன் புடிக்கிறான்னு உன் வேட்தான் பாத்துட்டு வந்திருக்கான், அவனக் கேளு.

மறுபடியும் எதிரொலியா? கதவு சாத்தித்தான் இருக்கு. சத்தத்தக் கூட்டிட்டான்போல. சும்மா பேசு, பழகிரும்.

டாக்டர் ஏன் குடுக்கலன்னு கேட்டல்ல. கத முதுகு இல்ல, மண்ட. எத்தன தடவ இடிவாங்கியிருக்கான்னு நீயே கமெண்ட்ரில கத்தியிருக்க. அவன் ஐஸ் ஓரத்துப் பலகையில மோதி விழுந்து, எழுந்து, தப்பான டீம் பெஞ்சுல போயி ஒக்காந்தானே ஒரு தடவ, அரங்கமே சிரிச்சுதே. நானும் சிரிச்சேன். சரி, மண்ட கெட்டுப் போச்சுன்னு எப்பிடி அளக்கிறானுங்க? ஒவ்வொரு செப்டம்பரும், ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வெச்சு ஒரு பரீட்ச. பன்னெண்டு வார்த்த காட்டுவான், கொஞ்ச நேரம் கழிச்சு எத்தன ஞாபகம் இருக்குன்னு கேப்பான். படம் மாறினா பட்டன் அமுக்கணும், எவ்வளவு வேகமா அமுக்கறன்னு பாப்பான். அதுதான் உன் அளவு. நடுவுல அடிபட்டா மறுபடி அதே பரீட்ச. அளவு கொறஞ்சிருந்தா ஒக்கார வெச்சிடுவான், கொறையலன்னா போய் ஆடு. புரியுதா?

பதினேழு வயசுல, பெரிய லீக்காரங்க பாக்க வர்ற வருஷம். அடிபட்டுச்சுன்னு ரெண்டு வாரம் ஒக்கார வெச்சா அவ்வளவுதான், வந்தவன் வேற பையனப் பாத்துட்டுப் போயிடுவான். பையன் பயந்து போயிக் கெடந்தான். அப்ப ஒரு ஆளு அவன்கிட்ட சொன்னான். டேய், விக்க வர்றவன் தன் கடைசி வெலைய முதல்லயே சொல்லுவானா? பன்னெண்டு வார்த்தையும் உனக்கு ஞாபகம் இருந்தா எட்டு சொல்லு. பட்டன ஒரு மூச்சு விட்டுட்டு அமுக்கு. செப்டம்பர்ல உன்னக் கொஞ்சம் மட்டமாக் காட்டிக்க. அப்புறம் ஜனவரில மண்டையில வாங்கினாலும் எட்டு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இரு, எவனுக்கும் தெரியாது. அப்பிடின்னான்.

பையன் சொன்னா சொன்னபடி செய்யிற பையன். எட்டு சொன்னான். பெரிய லீக் எடுத்துக்கிச்சு. அங்கயும் ஒவ்வொரு செப்டம்பரும் எட்டு. பதினஞ்சு வருஷம் எட்டு.

இந்த அக்டோபர்ல நெசமாவே முடியலன்னு போயி ஒக்காந்தான் டாக்டர் முன்னாடி. வெளிச்சம் பட்டாக் கண்ணு கூசுது, ஸ்பூன் கீழ விழுந்தாக் காதப் பொத்துறான். தெனம் போற கடைக்கு வண்டி எடுத்துட்டுப் போயி, எங்க போறோம்னு தெரியாம தானியக் கெடங்கு பக்கத்துல நிறுத்திட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருக்கான், என்ஜின் அணஞ்சு, வெளிய மைனஸ் பத்து. அப்பிடிப்பட்டவன் பரீட்ச எழுதினான். மூக்குல வேர்க்க வேர்க்க யோசிச்சு, தன்னால ஆனது அவ்வளவும் சொன்னான். எட்டு.

ஆமாப்பா. எட்டு.

பழைய காயிதத்தையும் புதுக் காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு டாக்டர் கை குடுத்தாராம். மாத்தமே இல்ல, வாழ்த்துக்கள்னாராம். மூணு பேரும் அதே. இதுதான் உன் உத்தமன் பொய் சொல்லாத கத. பதினஞ்சு வருஷம் சொன்ன பொய் ஒரு நாள் நெசமாயிருச்சு, அப்புறம் அவன் எங்க போயி எத நிரூபிப்பான்? ஆட முடியாது, அடிபட்டவன்னு சொல்லவும் முடியாது. ஓய்வுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான்.

வெளிய சொல்ல வேண்டியதுதானன்னா? நானும் அதேதான் கத்தினேன். கத்தினா அவனுக்கு ஆகாது, மேவிஸ் என்னப் புடிச்சு வெளிய தள்ளிட்டா, தோட்டத்துப் பனியில நின்னு கத்தினேன். அவன் சொல்றான், சொன்னா ஏமாத்துக்காரன்னு சொல்லுவாங்க, சொல்லலன்னா துரோகின்னு சொல்லுவாங்க, துரோகின்னே இருந்துட்டுப் போறேன் பெருசு. ஏமாத்துக்காரன்னா யார் சொல்லிக் குடுத்தான்னு கேப்பாங்கன்னான்.

இருக்கியா? வெல சொல்லுய்யா. ரெண்டு மடங்கு வேணாம், மூணு. முன்னால நிக்குதே பச்ச ஜான் டீர் டிராக்டர், எட்டு வருஷம்தான் ஓடியிருக்கு, அதையும் நீயே ஓட்டிக்கிட்டுப் போ. ராத்திரி பகல்னு இல்லாம பேரம் பேசித்தான் இந்தப் பழைய மிஷின் யார்டக் கட்டினேன். வாய வெச்சு வாங்க முடியாதது ஒண்ணும் கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வாரமா ஒரு ரேடியோவ அணைக்க வெக்க முடியல என்னால.

ஏன் கேக்குறான்னா? வேற என்ன செய்வான்? படிக்க முடியல. டிவி முடியாது, வெளிச்சம். ஃபோனும் முடியாது. இருட்டுல, அவன் பதினாறு வயசுல படுத்த அதே கட்டில்ல, காது மட்டும்தான் மிச்சம். நாலு மணி ஆனா உன் நிகழ்ச்சி. ஆளாளுக்கு வந்து காறித் துப்புறீங்க, அவன் கேக்குறான். ஏன்டா கேக்குறன்னா, அவங்க கணக்கு சரிதான பெருசுங்கிறான். திட்டு அவனுக்கு வலிக்கல க்ளென். அந்த மணிதான். க்ளிங்னு வர்றப்ப ஒவ்வொரு தடவையும் தலகாணிய எடுத்து மண்டைய மூடிக்கிறான், ஆனா அணைக்க மாட்டேங்கிறான்.

ஆமா. எங்க வீட்லதான். கீழதான். எழுதிக்கோ, வேட்கிட்டயும் சொல்லு.

ரெமி. ரெமி ஆர்சனோ. பாரு, ரெண்டு தடவ சொல்லிட்டேன். அடிக்கல நீ. சரி, நல்லாரு.

அந்த ஆளா? எந்த ஆளு... ஓ, எட்டு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தவன். அதையும் கேப்பன்னு தெரியும். வேற யாருப்பா, நான்தான். இந்தச் சமையக்கட்டு மேசையில ஒக்கார வெச்சுதான். முந்தின நாள்தான் ஒரு மிஷின அடிமாட்டு வெலைக்குப் பேசி வாங்கியிருந்தேன், தல கால் புரியாம இருந்தேன், அவனுக்கும் ஒரு பாடம் நடத்திட்டேன். அவனுக்கு மட்டுமில்ல, அவனுக்கு அப்புறம் வந்த அஞ்சு பேருக்கும். அதுல ரெண்டு பேர் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு ரெமி என் கையப் புடிச்சுக் கேட்டான். நானும் சரின்னு...

இரு. கொஞ்சம் இரு. ஏழு நொடி.

இப்பதான் கீழ போகுது. என் குரல்தான். மிஷினு, பாடம்னு... அஞ்சு பேருங்குது. கேக்குதா உனக்கு?

நின்னுருச்சு.

அணச்சிட்டான், க்ளென். நெசமா. அணச்சிட்டான். உனக்கும் எதிரொலி இல்லல்ல இப்ப?

படியில சத்தம் இல்ல. மேல வரல. மேவிஸும் வீட்ல இல்ல, கடைக்குப் போயிருக்கா.

என்னது, அடுத்த ஆள் காத்திருக்கானா? இருப்பான், இருப்பான், முக்கா மணி நேரம் நான் இருக்கலையா? லைன வெச்சிடாதப்பா. நீ பேசு. என்ன வேணாலும் பேசு, பெர்க்வாலப் பத்திப் பேசு. கீழ ரொம்ப அமைதியா இருக்கு, எறங்கிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.