முதுகுக்கு மட்டும்

— மாதாவே! சித்ராக்கா, சூடு குடுக்குற லைட்ட யாரு காலுக்குத் திருப்புனது? அண்ணன் முதுகுக்கு நேரா வச்சிட்டுத்தான நான் அடுத்த ரூமுக்குப் போனேன்?

— நாந்தேன் ஜெரினாம்மா. கோவிச்சுக்கிறாதீக.

— மொதல்ல அமத்துங்க. இதென்ன, லைட்டு தலையில சந்தனப் பொட்டு? சூட்டுல கருகிக் கெடக்கு.

— ஆயுத பூசைக்கு மில்லு மிசினுக்கு வைப்போம்ல, அது மாதிரிதேன். நெல்லு மூட்ட சரிஞ்சு தண்டுவடம் அடிபட்டதுலருந்து அவுக முதுகு வலி தாங்காம அனத்திக்கிட்டே கெடப்பாக. ஒங்க லைட்டு பட்ட பொறகுதேன் கண்ணசந்து தூங்குறாக. ஒங்களுக்கும் இதுக்கும் கோயிலே கட்டலாம்மா, சத்தியமா.

— கோயில் இருக்கட்டும். காலுக்கு எதுக்குக் காட்டுனீக?

— முதுகு வலிய எடுத்த லைட்டு, மரத்த கால எழுப்பாதான்னு ஒரு ஆச.

— இது வலியக் கொறைக்கும், அம்புட்டுத்தேன். முதுகுல சூடு ஏறுனா அண்ணன் சொல்லிருவாரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையேக்கா! காலு வெந்தாக்கூட அவருக்குத் தெரியாது. புண்ணாச்சுன்னா லேசுல ஆறாது.

— அய்யய்யோ, என் கையாலயே கெடுத்திருப்பேனே!

— அவள வையாதீக டாக்டரம்மா. அடியே, அழுவாதடி. குப்புறக் கெடக்குறவனுக்கு என்ன நடக்குதுன்னு எங்க தெரியிது? புதுவயல்லருந்து மூட்ட கணக்கா வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாக. நீங்கதேன் என்னைய மனுசனா உக்கார வச்சீக. அந்தச் சந்தோசத்துல கிறுக்குத்தனம் பண்ணிட்டா.

— சரி முத்தரசண்ணே, அசையாம இருங்க, பாக்குறேன். லேசாத்தேன் செவந்திருக்கு, கொப்புளம் இல்ல. மாதா காப்பாத்துனா. எம்புட்டு நேரம் வச்சீகக்கா?

— கொஞ்ச நேரந்தேன். அதுக்குள்ள இவுக தூக்கக் கலக்கத்துல எறும்பு கடிக்கிது, தட்டி விடுடின்னாக. கட்டிலு பூராம் தேடிப் பாத்தேன், ஒரு எறும்பையும் காணோம். தேடிக்கிட்டு இருக்கையிலதேன் நீங்க வந்துட்டீக.

— எறும்பா? அண்ணே, எங்க கடிச்சுச்சு?

— எடது குதிகால்லம்மா. இன்னமும் சுருசுருன்னு... அடியே சித்ரா, குதிகால்லடி!