அது வேற நொம்ப

– வெரின்னா நொம்பவுங்களா, ரைட்டரய்யா?

– நொம்ப.

– டூ மச்சுன்னா?

– அதுவும் நொம்பதான் கண்ணாயி. ஆனா அது வேற நொம்ப.

– அட சாமி, நொம்பவுல ஏதுங்க ரெண்டு?

– நமக்கு ஒண்ணுதான். இங்கிலீஷ்காரன் ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கான். நல்ல நொம்ப ஒண்ணு, கெட்ட நொம்ப ஒண்ணு. லிசன். காப்பி நொம்ப இனிப்புன்னு நீ சொல்ற. புடிச்சுப்போயிச் சொல்றியா, துப்பப் போறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?

– என்ற மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா?

– கடுதாசியில மொகம் ஏது? அங்கதான் நான் கோட்டை விட்டுட்டேன்.

– என்னங்க ஆச்சு? நேத்துத் தடதடன்னு டைப் அடிச்சுப்போட்டு, இருபது வருச எஸ்டேட் சர்வீஸுல இப்படி ஒரு சர்டிபிகேட் நான் அடிச்சதில்லைன்னு சொன்னீங்களே.

– சொன்னேன். அந்தப் பெருமையில ஊட்டுக்கும் எடுத்துட்டுப் போயி எங்க டீச்சரம்மாகிட்டக் காட்டினேன். அதான் தப்பாப் போச்சு.

– லூர்து டீச்சர் என்னங்க சொன்னாங்க?

– எங்க சொன்னா? சிரிச்சா. கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. சோத்துத் தட்டக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கறா. 'ஏங்க, இதப் படிச்சா எவ இந்தப் பொம்பளைய ஆயா வேலைக்கு வெப்பா'ங்கறா.

– அப்படி என்னத்தங்க எழுதிப்போட்டீங்க என்னப் பத்தி?

– நாணயமானவ, சுத்தமானவ, ஒரு நாளு லேட்டா வந்ததில்லை. இதெல்லாம் சரி. கடைசி வரிதான். 'குழந்தை மேல கண்ணாயிக்கு இருக்கற பாசம் எக்ஸெஸிவ்'னு போட்டுட்டேன்.

– அதுக்கு என்னங்க அர்த்தம்?

– நொம்பன்னு நெனச்சுத்தான் போட்டேன்.

– நொம்பதானுங்களே?

– கெட்ட நொம்ப கண்ணாயி! அதாகப்பட்டது, அளவு மீறினது. காப்பி பூ எடுக்கறப்ப ஒரு மழை வேணும். அதுவே வாரம் பூரா விடாம ஊத்துனா?

– பூவு அழுகிப் போயிருமுங்க.

– அந்த மழைதான் எக்ஸெஸிவ். புது மேனேஜரம்மா திங்கக்கெழமை வர்றாங்க. ரெண்டு கைப்புள்ளைக. ஆயா வேணும்னு இப்பவே கேட்டு எழுதியிருக்காங்க. இந்தச் சீட்டப் பாத்துத்தான் உன்னை வெக்கறதா வேண்டாமான்னு சொல்லுவாங்க. பாசம் அளவு மீறுதுன்னு படிச்சா, ஐயையோ, செல்லம் குடுத்துப் புள்ளையக் கெடுத்துருவான்னு, உன்னை மறுபடி காப்பிப் பழம் பறிக்கத்தான் அனுப்புவாங்க.

– இப்ப இருக்கற நம்ம மேனேஜரம்மா பாப்பாவக் கூட்டிட்டு இன்னிக்கு மூணு மணிக்குக் கெளம்பறாங்களே.

– அதுக்குத்தான் பறக்கறேன். அவங்க கையெழுத்து வேணும். அஸ்ஸாம் போய்ச் சேந்துட்டாங்கன்னா யாரைப் போயிப் புடிக்கறது? பாப்பா என்ன பண்ணுது?

– பொம்மையக் காருல ஏத்திட்டு எறக்கிட்டு இருக்குதுங்க. 'கண்ணாயி, நீ முன்னால உக்காருவியா, பின்னால உக்காருவியா'ன்னு காத்தாலிருந்து கேட்டுட்டே இருக்குது.

– நீ என்ன சொன்ன?

– பின்னாலன்னு சொன்னேனுங்க. வேற என்ன சொல்றது?

– ம். எழுபத்தாறுல பொறந்தது, அஞ்சு வருசம் ஓடிப்போச்சு. அப்பாவுக்குச் சொந்த ஊரு டெல்லி, அம்மாவுக்குப் பம்பாய், அது என்னடான்னா நம்மளாட்டம் 'ஏனுங்க ரைட்டரய்யா, சாப்பிட்டுப்போட்டீங்களா'ங்குது. மேடம் ஒரு நாளு தலையில கையை வெச்சுட்டாங்க. எல்லாம் உன்ற வேலை.

– மொத பேச்சே எங்கிட்டத்தானுங்க பேசுச்சு. சரி விடுங்க, நேரமாகுது. வேற வார்த்தை என்னதான் இருக்குதுங்க?

– டிக்ஸ்னரியவே தூக்கியாந்துட்டேன். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பங்காளிகளாட்டம் நிக்குது. எக்ஸார்பிடன்ட்.

– அது என்னங்க?

– சீசன்ல லேக்குக்கிட்ட வெளியூர்க்காரங்களுக்கு ஆரஞ்சு வெலை சொல்றாங்களே, அது.

– வேண்டாமுங்க. நான் யாரையும் ஏமாத்தலை.

– எக்ஸ்ட்ராவகன்ட். உன்ற கொழுந்தன் பெரியண்ணன் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வேட்டு வெடிச்சானே, அந்த மாதிரி.

– ஐயோ, அவனா! அந்தப் பொகையில சாமியே தெரியலைங்க.

– சூப்பர்ஃப்ளுவஸ்.

– இது கேக்கறதுக்கு நல்லாருக்குதுங்க.

– கேக்கத்தான் நல்லாருக்கும். தேவையில்லாததுன்னு அர்த்தம். நனைஞ்சு ஊட்டுக்குள்ள வந்து நிக்கறவனுக்குக் கொடைய நீட்டறது.

– தேவையில்லாததுங்களா? இல்லீங்க. பாப்பாவுக்குத் தேவைப்பட்டுச்சுங்க.

– பேசாம வெரி கிரேட்டுன்னு போட்டுருவோம். நல்ல நொம்ப. டீச்சரம்மாவே சிரிக்க முடியாது.

– கொஞ்சம் இருங்க. மொதல்ல போட்டீங்களே, அதை இன்னொருக்காச் சொல்லுங்க.

– எக்ஸெஸிவ்?

– அதேதானுங்க. ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். பாப்பாவுக்கு மூணு வயசுல அம்மை போட்டுச்சுங்களே.

– தெரியாதா? பங்களாவுலயே கெடந்தியே.

– பதினோரு நாளுங்க. அதே நாளுல கரடியூருல என்ற மக பாவாயிக்கும் அம்மை. மாமியாதான் வேப்பெல போட்டுப் பக்கத்துல இருந்தாங்க. என்னை யாரும் புடிச்சு வெக்கலைங்க. போயிப் பாத்துட்டு வான்னுதான் அம்மா சொன்னாங்க. பாப்பா என்ற சீலையப் புடிச்சுட்டு விடலை. விடுன்னு நானும் சொல்லலை.

– பாவாயிக்குத்தான் ஒண்ணும் ஆகலையே கண்ணாயி. இப்பக் குதிரையாட்டம் ஓடறா.

– ஆகலைங்க, சாமி புண்ணியம். ஆனா இன்னிக்கும் சொல்லிக்காட்டுவா. 'போ, உனக்கு அந்தப் புள்ளைதான்'னுவா. சொல்லுங்க ரைட்டரய்யா, நான் செஞ்சது நல்ல நொம்பவுங்களா, கெட்ட நொம்பவுங்களா?

– அத எங்கிட்டக் கேக்காத.

– உங்க டிக்ஸ்னரியக் கேட்டுச் சொல்லுங்க.

– டிக்ஸ்னரியக் கேட்டா... எக்ஸெஸிவ்தான்.

– அப்ப அதுவே இருக்கட்டுமுங்க. மாத்தாதீங்க.

– வெளையாடறியா? வேலை போயிரும்!

– போனாப் பழம் பறிக்கறேன். இருந்ததையெல்லாம் பாப்பா மேல வெச்சாச்சுங்க. புது அம்மா புள்ளைகளுக்கு எங்கிட்ட ஏதுங்க மிச்சம்?

– பேச நல்லாத்தான் இருக்கும். டிசம்பர் குளுருல கை வெறைச்சுப் போயிக் கூடையோட நிக்கறப்பத் தெரியும். அதுவும் இருக்கட்டும், இத அப்படியே நீட்டுனா மேடம் கையெழுத்துப் போடுவாங்களா?

– அவங்க கையெழுத்து வேண்டாமுங்க. அந்தச் சம்பள மை டப்பாவ இப்படித் தள்ளுங்க.

– எதுக்கு?

– கைநாட்டு வெக்கறதுக்குங்க.

– ஏ, ஏ, பொறு! தன்ற சர்டிபிகேட்டுல தானே கைநாட்டு வெக்கற ஆளை நான் இந்த மலையில எங்கயும் பாத்ததில்லை. செல்லாது கண்ணாயி!

– வெச்சாச்சுங்க.

– போச்சு! நல்லா நடுவுல வெச்சுட்ட. இனி இதக் கொண்டுபோயி எந்த மேனேஜரம்மாகிட்டக் காட்டுவ?

– இங்கிலீஷுல ஒரு சீட்டு வேணும்னுதானுங்க நான் கேட்டேன். சர்டிபிகேட்டுன்னு நீங்களாத்தான் சொல்லிட்டீங்க.

– பின்ன யாருக்குத்தான் இது?

– பாப்பா ட்ரங்குப் பொட்டியில துணிக்கடியில வெக்கறதுக்குங்க; அது பெரிசாயி எடுத்துப் படிக்கறப்ப நம்ம தமிழ்ப் பேச்சு மறந்து போயிருக்கும், இங்கிலீஷு மறக்காதுங்களே.