இரண்டாவது எடை

மத்தியானம் இரண்டே கால் மணி. விமான நிலையத்தின் பின்மதிலை ஒட்டி நாலு கிலோமீட்டருக்கு ஒரு சாலை. ஒரு பக்கம் முள்கம்பி, மறுபக்கம் காய்ந்த புல். கடை இல்லை, மரம் இல்லை... ஆள் நடமாட்டமே இல்லை.

"பட்டப்பகல்ல பேயா? காதுல பூ சுத்தாதீங்க" என்று சிரிக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். இது என் நண்பனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பன் அவரை அத்தான் என்பான்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். போர்வைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.

விமானத்தில் இஞ்சின் தீப்பிடித்தால் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார். பூசணிக்காய் அளவு இரும்பு உருண்டை ஒன்று வெடித்துத் திறந்து, உள்ளே இருக்கும் வாயு நொடியில் தீயின் மேல் பாயும். அந்த உருண்டைக்குத் தொழிலில் பாட்டில் என்று பெயர். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, சோதித்து, புதிதாக நிரப்பி வாங்க வேண்டும். நிரப்பியதும் ஓர் எடை. இரண்டு நாள் சும்மா வைத்திருந்து மறுபடியும் ஓர் எடை. கசிவு சத்தம் போடாது. தராசுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் அட்டையில் எழுதி, முத்திரை குத்தி, பாட்டிலின் கழுத்தில் கம்பியால் கட்டி அனுப்புவார்கள்.

அத்தான் வேலை பார்த்த தெருவில் இப்படி மூன்று பட்டறைகள். ஒருவன் ஆறு நாளில் தருகிறேன் என்றால் இன்னொருவன் ஐந்து என்பான். அத்தானின் முதலாளி, ஒரு பெரிய விமானக் கம்பெனியின் மூன்று வருட ஒப்பந்தத்துக்கு ஆசைப்பட்டு, "மூணே நாள்" என்று வாயை விட்டுவிட்டார். மூன்று நாளில் எங்கே முடியும்? அந்த இரண்டு நாள் காத்திருப்பை விழுங்கினால்தான் முடியும்.

நண்பனின் அக்கா அதே கம்பெனியில்தான் விமானப் பணிப்பெண். அத்தான் நிரப்பும் பாட்டில்கள் அவள் தலைக்கு அருகிலேயே பறக்கும். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பதினான்கு மாதம் வேலை இல்லாமல் மனைவி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். கிடைத்த வேலையை விட மனசு வரவில்லை.

அவருக்கு முன்னால் அங்கே எடை போட்டவரை 'மிட்டாய்' என்பார்கள். ஓயாத இருமல், எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய். இரண்டாவது எடை போடாமல் ஒரு பாட்டிலையும் வாசல் தாண்ட விடமாட்டார். முதலாளிக்கும் அவருக்கும் தினமும் மல்லுக்கட்டு. ஒருநாள் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே... போய்விட்டார்.

ஆள் போனால் அவர் முத்திரையையும் முடக்கிவிட வேண்டும். ஒருவர் முத்திரை எண்ணை இன்னொருவர் தொடக்கூடாது. அந்தத் தொழிலின் கட்டுப்பாடு அது. முதலாளி அலமாரியைத் திறந்து, மிட்டாயின் ஒன்பதாம் எண் முத்திரையை எடுத்து அத்தானின் உள்ளங்கையில் வைத்தார்.

"புதுசு வர ரெண்டு மாசம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் இதுல ஓட்டுங்க. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

முதல் லோடு, பன்னிரண்டு பாட்டில். காலையில் நிரப்பி ஒரே ஒரு எடை. அட்டையில் முதல் கட்டத்தில் முந்தாநாள் தேதி, இரண்டாவது கட்டத்தில் அன்றைய தேதி. இரண்டிலும் ஒரே எடை. பன்னிரண்டு முத்திரை. மூன்று மணிக்குள் சேர்க்க வேண்டும் என்று அத்தானே வேனை எடுத்தார்.

அந்தச் சாலையில் பாதி தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து ஒரு சத்தம்.

டக்...

ஏதோ உருளுகிறது என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும்... டக். மேஜையில் முத்திரை குத்தும் சத்தம். காலையில்தான் பன்னிரண்டு முறை கேட்டிருந்தார். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன, அனல் காற்று அடித்தது. அந்தக் காற்றிலும் வேனுக்குள் புதினா வாசனை.

வண்டியை ஓரம் கட்டினார். பின்கதவைத் திறந்தார். யாரும் இல்லை. வைத்த இடத்தில் பன்னிரண்டும் இருந்தன. கதவோரம் இருந்த பாட்டிலின் அட்டையில் மட்டும், இரண்டாவது எடை ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. இவர் எழுதியது 9.640. பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் 9.230. மை காயவில்லை... விரலில் ஒட்டியது. தேதியைப் பார்த்தார். நாளை மறுநாள்.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"வெயில் தலைக்கேறிடுச்சா தம்பி? வேற அட்டை எழுதிக் கட்டுங்க. மூணு மணி தாண்டுச்சுன்னா எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்."

முத்திரை அவர் சட்டைப் பையில் இருந்தது. வேனின் பின்படியில் உட்கார்ந்து புது அட்டை எழுதினார். தெரிந்தேதான் எழுதினார். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் அவர்மேல் கோபம் வரும். இரண்டு ஐம்பதுக்குப் பன்னிரண்டையும் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பகல், அக்கா சீருடையோடு கிளம்பிக் கூடத்துக்கு வந்தாள். அவள் சக்கரப் பெட்டி வாசலோரம் நின்றது. கைப்பிடியில் கம்பி முறுக்கிக் கட்டிய ஓர் அட்டை. பட்டறை அட்டை. முதல் கட்டத்தில் சாய்ந்த கையெழுத்து: 57.200. இரண்டாவது கட்டம் காலி. கீழே ஒன்பதாம் எண் முத்திரை, ஈரமாக.

"இது என்னங்க, என் வெயிட்டை எழுதிக் கட்டியிருக்கீங்க? விளையாட்டா?"

அத்தான் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கத்தவில்லை.

"நான் ஒருத்தி மட்டுமா பறக்கறேன்? எனக்குப் பின்னாடி நூத்தி எம்பது பேர் உக்காந்திருப்பாங்க. அது தோணலையா உங்களுக்கு?"

அவளே கம்பெனிக்குப் போன் செய்தாள். பன்னிரண்டையும் இறக்கி எடை போட்டார்கள். பதினொன்று சரியாக இருந்தது. ஒன்று மட்டும் 9.230. அது அன்று மாலை அவள் ஏறவேண்டிய விமானத்தின் இடது இஞ்சினில் மாட்டியிருந்தது.

ஒப்பந்தம் போயிற்று. பட்டறைக்குப் பூட்டு. அத்தானுக்கு மறுபடியும் வேலை இல்லை. அதனால் என்ன, அக்கா உயிரோடு இருக்கிறாளே என்று குடும்பமே பெருமூச்சு விட்டது. அந்த அட்டையை நண்பனே கொல்லைப்புறத்தில் எரித்தான்.

அதற்கடுத்த மாதம் பணிப்பெண்களுக்கு வழக்கமான மருத்துவச் சோதனை. எடை மிஷின் நாற்பத்தாறு காட்டியது. மிஷின் கோளாறு என்று நர்ஸ் சிரித்தாள். வேறு மிஷினில் ஏற்றினார்கள். அதுவும் நாற்பத்தாறுதான். ஆனால் அக்கா இளைக்கவில்லை. அதே கன்னம், அதே ஜாக்கெட், வளையல் அதே இறுக்கம். நன்றாகச் சாப்பிடுகிறாள். மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, படத்தில் ஒன்றும் இல்லை.

அத்தான் தினமும் காலையில் அவளைத் தராசில் நிறுத்தி எழுதி வைக்கிறார். முப்பத்தொன்று... இருபத்துநாலு... பதினெட்டு.

நேற்று நண்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பதினொன்றே முக்கால் கிலோவாம். கட்டிலில் அவள் படுத்தால் மெத்தை அமுங்குவதில்லை. அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியேதான் தூங்குகிறார்.

அந்த வீட்டில் இப்போது மின்விசிறி போடுவதில்லை.