படத்துக்கு மாலை

படம் வரையறதுன்னா கண்ணத் தொறந்து வச்சு வரையோணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க அம்மணி. சித்த தள்ளி உக்காருங்க, கூடை இடிக்குது. பொள்ளாச்சிக்குத்தானுங்க? நாங்க கோபாலபுரத்துலயே எறங்கிருவோம். அதா, முன்னால சீட்டுல துண்ட மடியில போட்டுக்கிட்டு மொறச்சுட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் எங்க ஊட்டுக்காரரு. உங்கள மொறைக்கலீங்க. நாலஞ்சு நாளா ஊரையே மொறைக்கறாரு.

எல்லாம் அந்த டிராயிங் மாஸ்டராலங்க. மிக்கேல்ராஜ்னு பேரு, கொழிஞ்சாம்பாறையில எங்க தெருவுலதான் குடியிருக்காரு. வாயனசாலையில, அதானுங்க பேப்பரெல்லாம் படிக்கப் போவாங்களே, அங்க ஒரு சாய்ங்காலம் படக் காட்சி வெக்கறேன், ஊர்ச்சனம் ஆளுக்கொண்ணு வரைஞ்சு கொண்டாங்கன்னு ஊடு ஊடா வந்து சொல்லிட்டுப் போனாரு. நாங்கூட வாசல்ல போடற கோலத்த ஒரு காயிதத்துல போட்டுக் குடுத்தேன். அதக் கொண்டுபோயித் தலகீழா மாட்டிட்டாரு. கோலத்துக்குத் தல எது காலு எதுன்னு அவருக்கும் தெரியல, சொல்லப்போனா எனக்கும் தெரியல, இருந்தாலும் மனசு கேக்கல பாருங்க...

எங்க வுட்டேன்? ஆ, மாஸ்டரு. அவரு பங்குக்கு ஊர்ல சில பேர உக்கார வச்சு மூஞ்சிய வரைஞ்சாரு. எங்க ஊட்டுக்காரரு மீசை எடுப்பா இருக்குதாம். இது வேணுமுங்களா? மனுசன் விடியால கடலைக்காட்டுக்குத் தண்ணி கட்டிப்போட்டு வந்து, எண்ணை தேச்சு மீசைய முறுக்கிட்டுப் போயி பெஞ்சுல உக்காந்தாரு. உக்காந்த எடத்துலயே தூங்கிட்டாரு. எழுப்பியிருக்கலாமல்லோ? பாவம், அசந்து தூங்கறாருன்னு மாஸ்டரு அப்பிடியே வரைஞ்சு வச்சுட்டாரு. ரெண்டு கண்ணும் மூடி, கழுத்து லேசாச் சாஞ்சு... நல்லாத்தான் இருந்துது. நல்லா இருந்ததுதான் வம்பாப் போச்சு.

அன்னிக்குப் பொழுதெறங்க வாயனசாலையில ஈ பூர எடமில்லீங்க. மலையாளத்துக்காரங்க எந்த உத்காடனம்னாலும், தொறப்பு விழாவத்தான் அப்பிடிச் சொல்லுவாங்க, நெலவெளக்கு ஏத்தாமத் தொடங்க மாட்டாங்கல்லோ? ஏத்துனாங்க. எங்க வெக்கறதுன்னு பாத்து, இருக்கறதுல பெரிய படம் இதுதான்னு அவரு படத்துக்குக் கீழயே கொண்டாந்து வச்சுட்டாங்க. அப்பறம் படத்துக்கு உக்காந்தவங்களுக்கெல்லாம் செவந்திமாலை போட்டாங்க. இவருக்குக் கழுத்துல பூ பட்டா அரிக்கும். கலியாணத்தன்னிக்கே சொறிஞ்சுக்கிட்டுத்தான் தாலி கட்டுனாரு. கழட்டி என்ற கையில திணிச்சுட்டு டீக் குடிக்கப் போயிட்டாரு. நானும் எத்தன நேரந்தான் மாலையத் தூக்கிட்டு நிக்கறது? படம் மாட்டுன ஆணி இருந்துது. தொங்கவுட்டேன்.

கண்ண மூடுன படம், மேல மாலை, கீழ வெளக்கு. எட்டி நின்னு பாத்தா எனக்கே பகீர்னுச்சுங்க. நம்ம சனம் பாத்தா என்னன்னு நெனைக்கும்?

அதேதானுங்க. கோபாலபுரத்துல அவரு அக்கா இருக்காங்க, சின்னத்தாயி. கூடப்பொறந்தது அவங்க ஒருத்தருதான். எத்தனையோ வருசமாப் பேச்சுவார்த்தை கெடையாது. காரணத்தக் கேட்டாச் சிரிப்பீங்க. புது ஊடு கட்டிக் குடி போனப்ப அக்காளுக்கும் என்ற தங்கச்சிக்கும் இவரு ஒரே கரை போட்ட சேலை எடுத்துட்டாரு. பொறந்தவளும் கொழுந்தியாளும் உனக்கு ஒண்ணாடான்னு கேட்டாங்க. கம்முனு இருந்திருக்கலாம். சேலைதான, ஒடம்ப மூடுனாச் செரின்னுட்டாரு. "இனி உன்ற எழவுக்குத்தான்டா இந்த வாசப்படிய மிதிப்பேன்"னு சொல்லிட்டுப் போனவங்கதான்.

பொங்கலுக்குப் பொங்கல் இவரு வரிசை குடுத்தனுப்புவாரு. அப்பிடியே திரும்பி வந்துரும். திரும்பி வந்த வெல்லத்த ஒருத்தருக்கும் குடுக்காம இவரே உக்காந்து திம்பாரு. பாக்க முடியாதுங்க அம்மணி. நீங்க ஒருக்காப் போயிப் பாருங்கன்னா, சொன்ன வார்த்தைய அவளே எடுக்கட்டும்பாரு. அக்காளும் தம்பியும் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க.

மறுநாளு மொத பஸ்ஸுல வந்தாங்க பாருங்க... வேலியோரத்துலயே தலமுடிய அவுத்துவுட்டு, மாரடிச்சுக்கிட்டு. "ஒரு சேலைக்காவ உன்ன வெறுத்தேனே குப்பண்ணா, வெல்லத்தத் திருப்பி அனுப்புனேனே, என்ற சாமி"ன்னு இவரு பேரச் சொல்லி ஒரே ஒப்பாரி. இவரு கட்டுத்தறியில மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டு இருந்தாரு. ஓடி வந்து நான் இருக்கறேன்னு சொல்லோணுமா இல்லியா? தட்டுக் கத்தையக் கட்டிப் புடிச்சுட்டு செவுத்துக்குப் பின்னால நின்னு கேட்டுட்டே இருக்காருங்க. கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. நாந்தான் முதுகுல கைய வச்சுத் தள்ளிவுட்டேன்.

அவங்க பாத்தாங்க. ஒப்பாரி பாதியில நின்னுபோச்சு. கிட்ட வந்து மொகத்தத் தொட்டாங்க, மீசையத் தொட்டாங்க, அப்பறம் கன்னத்துல பளார்னு ஒண்ணு வச்சாங்க. வச்சுட்டு, "இப்பிடி எளச்சுப் போயிட்டியேடா"ன்னு புடிச்சு அழுதாங்க. எளைக்கவுமில்ல ஒண்ணுமில்ல, வெல்லந் தின்னு பெருத்துத்தான் இருக்காரு. அக்கா கண்ணுக்கு அப்பிடித் தெரியுது.

இருந்து சோறு தின்னுட்டுத்தான் போனாங்க. ரெண்டு பேரும் ஊட்டுக்கு வரோணும்னுட்டாங்க, அதான் இந்தப் பயணம். பையில புதுச் சேலை இருக்குது. இந்தத் தடவ என்ற தங்கச்சிக்கு எடுக்கல.

இவரு மொறைக்கறது எதுக்குன்னா, தான் செத்த சேதிய அக்காளுக்குச் சொல்லியனுப்புனது ஆருன்னு தெரியோணுமாம். பால்கார மாரப்பனப் புடிச்சு உலுக்கிட்டாரு. அவன் வாயத் தொறக்கோணுமே? எங்கூட்டு மோரக் குடிச்சவன், காட்டிக் குடுப்பானா?

அதென்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? அன்னிக்குக் கோபாலபுரத்துக்குச் சைக்கிள்ல கெளம்பினவன நிறுத்தி, உங்க தம்பி படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வச்சிருக்குதுன்னு எங்க நாத்தனாகிட்டச் சொல்லீரு மாரப்பான்னேன். அவ்வளவுதானுங்க சொன்னேன். அதுல ஒரு வார்த்த பொய் இருக்குதுங்களா? எழவுக்குத்தான் வருவேன்னாங்க, எழவுக்கு வந்துட்டாங்க. சொன்ன சொல்லும் தப்பல, என்ற தாலியும் தங்குச்சு.

மெல்லச் சிரிங்க அம்மணி. அவரு திரும்பிப் பாக்கறாரு.